வவிசோவாவின் கட்டைவிரல்கள்

வனிலா பூக்கும் பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கர்ப்பிணிகளுக்கு வயிறு நீவிவிடும் வவிசோவாவின் இரண்டு கைகளும் ஸேத்தியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டன. முப்பத்தொன்பது நாள் அப்படியே இருந்தன. அந்த வருடம் அந்தலாஹாக் கடற்கரைப் பக்கம் புயல் வரவில்லை. நெல் சுமாராக விளைந்தது.

ஸேத்திக்கு அது எட்டாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடந்தது. மூன்று மணி நேர நடைத் தூரத்தில் இருந்த சுகாதார நிலையத்து மருத்துவச்சி லிதி தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்: முதுகையும் காலையும் இதமாக நீவலாம், வலி குறையும், தூக்கம் வரும், வயிற்றை மட்டும் யாரும் அமுக்கக் கூடாது, பிள்ளை தானாகத் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது, திரும்பாவிட்டால் நகரத்து ஆஸ்பத்திரி. மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நேரே போய் ஒரு சேவலைக் கொடுத்து வவிசோவாவை அழைத்து வந்தாள். வவிசோவா நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைத் திருப்பியவள். அவள் கணக்கில் சேர்க்காத பிள்ளை ஒன்றும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஆற்றின் அக்கரையில் தெலுவாவி என்பவளின் வயிற்றை அழுத்தித் திருப்பினாள். மறுநாள் ரத்தம் கொட்டி, பிள்ளை அழாமலே பிறந்தது. விதி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தெலுவாவியும் அதை நம்பினாள்.

ஸேத்திக்கும் அதே போலத்தான் தேங்காயெண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். உள்ளேயிருந்து அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டையும் யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

கைகள் வயிற்றின் மேல் நகர்ந்தன, இடுப்பைச் சுற்றி முதுகு வரைகூடப் போயின, தூக்கத்தான் முடியவில்லை. சோப்பு, மாட்டுக் கொழுப்பு எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஸேத்தியின் கணவன், தூம்பு என்று பெயர், வவிசோவாவைப் பிடித்து இழுத்தான். ஸேத்தி அலறியதும் விட்டுவிட்டான். லிதி வந்து மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாள். துடிப்பு சரியாக இருக்கிறது, பிள்ளை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். இருவரும் சுகாதார நிலையத்துக்கே வந்து தங்கட்டும் என்றாள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. அந்த ஊர் விலக்குப்படி கர்ப்பிணி வாசற்படியில் நிற்கக் கூடாது. நின்றால் பிள்ளையும் தன் வாசலில் நின்றுவிடும். அந்த வீட்டு வாசல் ஓராள் அகலம். ஒட்டிக்கொண்ட இருவர் பக்கவாட்டில் நுழைந்து காலை மாற்றி வைப்பதற்குள் படியில் நின்றே தீர வேண்டும். கிழக்கே இன்னொரு வாசல் உண்டு, ஆனால் அது பிணம் போகும் வழி. கை ஒட்டியதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாமியார் வாசல் விஷயத்தில் இம்மியும் இறங்கி வரவில்லை.

வனிலாப் பூவுக்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆயுள். அதற்குள் முள்ளால் இதழைக் கீறி விரலால் மகரந்தத்தை ஒற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். ஸேத்தியின் கொடிகளைத் தூம்பு பார்த்துக்கொண்டான். வவிசோவா கைம்பெண், அவளுக்கு ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தன் கொடிகள் காலையில் பூப்பதையும் மாலையில் உதிர்வதையும் சன்னல் வழியே தினமும் பார்த்தபடி இருந்தாள். ஒரு வருடச் சாப்பாடு கண்ணெதிரே மண்ணில் விழுந்தது. அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஸேத்திதான் துடைத்துவிட்டாள், சோறும் மரவள்ளிக் கீரையும் ஊட்டிவிட்டாள், மூக்கு அரித்தால் சொறிந்தும் விட்டாள்.

கொஞ்சம் அழுத்தினாலும் உள்ளே பிடி இறுகியது, இதமாக நீவினால் தளர்ந்தது. வேறு வழியில்லாமல் வவிசோவா இதமாக நீவினாள். முதுகு வலி போய் ஸேத்தி பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். ஸேத்தியின் கால் வீக்கத்துக்குத் தூம்பை உட்காரவைத்து, எப்படித் தடவ வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொடுத்தாள் வவிசோவா. இருபதாம் நாள், யாரும் கேட்காமலே, தெலுவாவியின் பிள்ளையைப் பற்றி ஸேத்தியிடம் சொல்லிவிட்டாள்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எதுக்கு என் வயித்துல அமுக்குன?”

“அமுக்குறத நிறுத்தினா ஏன் நிறுத்திட்டேன்னு கேப்பாங்க. அதான்.”

“அதுக்கு என் பிள்ளையா கிடைச்சுது?”

கைகள் விடுபடவில்லை. ஸேத்தி நான்கு நாள், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவளின் உள்ளங்கைச் சூட்டை வயிற்றில் சுமந்துகொண்டு, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். ஊட்டும் வேலையைத் தூம்பு செய்தான். மூக்குச் சொறிய மட்டும் அவனைக் கேட்க வவிசோவாவுக்கு வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் ஸேத்தி திரும்பினாள்.

“மூஞ்சியக் கோணாத. எந்தப் பக்கம் அரிக்குது?”

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் வலி கண்டது. மாமியார் வாசலை மறித்து நின்றாள். ஸேத்தி சண்டை போடவில்லை.

“வாசல்தான ஆகாது? சுவரை அறுங்க,” என்றாள் புருஷனிடம்.

வீடு விசிறிவாழைத் தண்டில் கட்டியது. தூம்பு வெட்டுக்கத்தியால் தென்சுவரை அறுத்தெடுத்தான். சுவரைப் பற்றி விலக்கு எதுவும் இல்லாததால் மாமியாரும் ஒரு கை பிடித்தாள். இருவரையும் பலகையில் படுக்கவைத்துச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். லிதி குழலை வைத்துக் கேட்டாள். தலை கீழே இருந்தது. எப்போது திரும்பியது என்று யாருக்கும் தெரியாது. முப்பத்தொன்பது நாளாக யாரும் அமுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்து ஊரைக் கூட்டி அழுதது. அந்தக் கணமே வவிசோவாவின் வலது கை கழன்றது. கட்டைவிரலில் கடுகளவு நகத்தடம் நான்கு இருந்தன.

இடது கையும் வயிற்றை விட்டு வந்தது, ஆனால் விடுபடவில்லை. அந்தக் கட்டைவிரலை யாரோ இன்னும் பிடித்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் பிடி அல்ல அது. ஒன்பது வயது இருக்கும் என்று லிதி கணித்து, அதையும் நோட்டில் எழுதினாள்.

அதிலிருந்து வவிசோவா இடது கையைச் சற்றே தாழ்த்தி நீட்டியபடிதான் நடக்கிறாள். ஒற்றைக் கையால் லேசாக நீவிவிடுகிறாள், முதுகையும் காலையும் மட்டும். எதிரே வருகிறவர்கள் பாதையில் இரண்டு பேருக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார்கள். படகில் அவள் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காருவதில்லை.

பிள்ளை பிறந்த மறு வாரச் சந்தையில் வவிசோவா தெலுவாவியைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சேதி அதற்குள் அக்கரைக்கும் போயிருந்தது. தெலுவாவி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த இடது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் வாங்கிவைத்திருந்த அரிசி அப்பத்தில் ஒன்றை எடுத்து, சூடாக இருந்ததால் ஊதி ஆற்றி, குனிந்து, ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரத்தில் நீட்டினாள். அவள் நிமிர்ந்தபோது கையில் அப்பம் இல்லை. இன்னொன்றை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.