வால் போகும் பக்கம்

இடது பக்கம் ஒடிக்க வேண்டிய ஸ்டியரிங்கை வரதன் வலது பக்கம் ஒடித்தான். அவன் ஒடித்தான் என்று சொல்வதுகூடத் தப்பு, கைகள்தான் ஒடித்தன. அவன் பாட்டுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேருந்தின் பின்புறம் இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவே நுழைய வேண்டும், அவ்வளவுதான் டெஸ்ட். ஒரு கம்பு சாயும் சத்தம் கேட்டது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்தான், அடுத்ததும் சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வேப்பமரத்தடியில் லைசென்ஸுக்காகக் காத்திருந்த கூட்டம் சிரித்தது. கிளட்ச் எது, பிரேக் எது என்று போன வாரம்தான் கற்றுக்கொண்ட பையன்களும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள். வரதனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"எத்தனை வருஷமாய்யா ஹெவி ஓட்டுற?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றான் வரதன். அவர் நம்பவில்லை. "அடுத்த வாரம் வா. அதுக்குள்ள யார்கிட்டயாவது ரிவர்ஸ் கத்துக்கிட்டு வா."

ரிவர்ஸ் கற்றுக்கொள்ள வேண்டுமாம், அதுவும் வரதன். எண்ணூர் நெடுஞ்சாலையில் இதைச் சொல்லியிருந்தால் டீக்கடைக்காரன்கூட அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பான். குறுகலான கேட், பக்கத்தில் சாக்கடை, எதிரே வண்டி என்று மாட்டிக்கொள்ளும் டிரைவர்கள் எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து வரதனைத்தான் தேடுவார்கள். அவன் பீடியைக் கீழே போடாமலே ஏறி, ஒரே மூச்சில் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போய்விடுவான். ஆனால் அதெல்லாம் டிரெய்லர். டிரெய்லருக்கு முன்னால் தலை தனி, பின்னால் நாற்பதடி கன்டெய்னர் பெட்டியைச் சுமக்கும் உடம்பு தனி, நடுவில் ஒரு மூட்டு. பின்னால் எடுக்கும்போது வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். பேருந்தில் அப்படியில்லை, ஒடித்த பக்கமே வால் போகும். இது வரதனின் புத்திக்கு நன்றாகத் தெரியும். புத்திக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? வண்டி ஓட்டுவது அது இல்லையே.

சரக்கு வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் அவனிடம் இருந்தது. ஆள் ஏற்றும் வண்டிக்குத் தனி டெஸ்ட், தனி பேட்ஜ். திருவொற்றியூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி புதிதாகப் பேருந்து வாங்கியிருந்தது. காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்று டிரைவர் வேண்டும். பேட்ஜும், இதுவரை விபத்து எதுவும் இல்லை என்று பழைய முதலாளி கொடுக்கும் கடிதமும் கொண்டுவந்தால் வேலை உனக்கு என்று தாளாளர் சொல்லியிருந்தார். காலையில் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும், மாலையில் கொண்டுபோய் விட வேண்டும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் பெண்டாட்டி ரமாபாயும் மகள் மகிழினியும் இருப்பார்கள். அதற்காகத்தான் இத்தனையும்.

இப்போது அவர்கள் வீட்டில் இல்லை. அதற்குக் காரணம் லைன். துறைமுகத்துக்குள் போக டிரெய்லர்கள் சாலையில் நிற்கும் வரிசைக்கு டிரைவர்கள் வைத்திருந்த பெயர் அது. சில சமயம் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள் நிற்கும். வண்டிக்கடியிலேயே தூங்கி, வண்டிக் கண்ணாடியிலேயே முகம் மழித்துக்கொள்ள வேண்டும். விட்டுப் போனால் பின்னால் இருப்பவன் முன்னால் வந்துவிடுவான், டீசலை எவனாவது உறிஞ்சிவிடுவான். லைன் நீளும் நாட்களில் வரதனின் வண்டி அவன் தெருமுனையிலேயே நிற்கும். மாடிக் கொடியில் காயும் தன் லுங்கியைச் சாலையில் நின்றபடி பார்த்திருக்கிறான், போய் எடுத்துக் கட்டிக்கொள்ள முடியாது. அப்படி ஒரு நாளில்தான் மகிழினிக்குக் காய்ச்சல் ஏறி வெட்டு வலிப்பு வந்தது. ரமாபாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வழியில் ஆட்டோ அவன் கேபினுக்குப் பக்கத்தில் நின்றது. அவன் ஒரு காலைக் கீழே படியில் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீ முன்னாடி போ, நான் அப்பால வர்றேன். எறங்கினா லைன் பூடும்" என்றான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது. ரமாபாய் மகளோடு நேராக வியாசர்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அங்கே போனதும் வாசலில் வைத்தே சொன்னாள். "தெனம் வூட்டுக்கு வர்ற வேல கெடச்சா வந்து கூப்புடு. இல்லாங்காட்டி அந்த லைன்லயே குடும்பம் நட்த்து."

டெஸ்டில் தோற்றதை அவளிடம் மறைத்திருக்கலாம். மறைக்கத் தெரிந்தவன் என்றால் இவ்வளவு பேஜாரும் வந்திருக்காது. அன்றைக்கே ஒரு ரூபாய் போனிலிருந்து மாமியாரின் பக்கத்து வீட்டுக்குப் போட்டு அவளைக் கூப்பிடச் சொல்லி, விஷயத்தைச் சொன்னான். ரிவர்ஸில் போய்விட்டது என்றதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"ரிவர்ஸ்லயா? உனுக்கு ரிவர்ஸ் தெர்லன்னு ஊர்ல எவன் சொன்னாலும் நான் நம்புவனா? அந்த டெய்லர வுட மனசு வர்ல உனுக்கு. வேணும்னே கம்பத்த சாச்சிட்டு வந்துகீற."

பேச்சை முடிக்கும் முன்பே காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. சட்டைப்பையில் இன்னொரு ரூபாய் இருந்தது. மறுபடி போடவில்லை. கைதான் காரணம், நான் இல்லை என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி ஒத்துக்கொள்வாள்? ஆத்திரத்தில் போன் பெட்டியை ஒரு குத்து குத்தினான். கடைக்காரர் எட்டிப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு நடந்தான்.

பள்ளிக்கூட நண்பன் இன்னாசி எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிஃப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த ஷிஃப்ட் வரை பஸ் சும்மா நிற்கும். பக்கத்தில் சாம்பல் படிந்த வெட்ட வெளி ஒன்று கிடந்தது. அங்கே கம்புக்குப் பதிலாக டயர்களை நிறுத்திவைத்துப் பழகச் சொன்னான். முதல் இரண்டு நாள் பழகியது எதுவும் ஒட்டவில்லை. காலையில் பேருந்தில் இடது பக்கம் ஒடிக்கப் பழகுவான், மத்தியானம் டிரெய்லரில் ஏறி அதையே அழித்துவிட்டு வருவான். மறுநாள் டயர்கள் மறுபடி உருளும். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தான், இடது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிப் பார்த்தான், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருப்பினான். வாய் இடது என்றது, கை வலது பக்கம் போனது. இன்னாசி சிரித்துச் சிரித்து ஓய்ந்து, கடைசியில் கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.

"டெய்லர்ல ஏறாத நைனா கொஞ்ச நாளு. அது தல ஒருபக்கம் வாலு ஒருபக்கம்னு போறது. இதுல நீயும் வாலும் ஒரே ஒடம்பு. அத்த மொதல்ல ஒத்துக்கோ."

வயிற்று வலி என்று முதலாளி சண்முகவேலிடம் லீவு சொன்னான் வரதன். பழகுவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. வாரக் கடைசியில் எப்போது, எப்படி என்று தெரியாமலே அது நடந்தது. வேறெதையோ யோசித்தபடி பேருந்தைப் பின்னால் எடுத்தவன் இரண்டு வரிசை டயர்களுக்கு நடுவே வண்டி நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தான். இறங்கிப் போய்ச் சுற்றிவந்தான். மறுபடி எடுத்தான், மறுபடி சரியாக நின்றது. இன்னாசி பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது அவனுக்கு. வரதனுக்கு அழுகை வரும் போல இருந்தது. சாம்பல் பட்டுக் கண் எரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இனி கடிதம்தான் பாக்கி. டெஸ்டுக்கு முந்தின நாள் காலை சண்முகவேலின் ஆபீசுக்குப் போனான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து டிரான்ஸ்போர்ட் நடத்துகிறவர், கோபப்படாமல் காரியம் சாதிப்பவர். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கடிதத்துக்கென்ன, தாராளமாகத் தரலாம் என்றார். ஆனால் இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டான், பெட்டி இன்றைக்கு கன்டெய்னர் யார்டுக்குள் போகாவிட்டால் கப்பல் தப்பிவிடும். "ஒரே ஒரு லோடு வரதா. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். நீ வண்டிய விட்டுட்டு வா, நான் லெட்டர எழுதி வைக்கேன்." முடியாது என்று சொல்ல வரதனுக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு லோடு, அதில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் தோன்றியது.

யார்டின் கேட் சாலைக்கு இடது பக்கம் இருந்தது. சாலையிலிருந்து பின்னால் எடுத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். துறைமுக லைன் அன்றைக்கு அந்தக் கேட்டையும் தாண்டி நின்றது. வரதனின் வண்டி என்று தெரிந்ததும் கேட்காமலே வழி விட்டார்கள். டீக்கடையில் நின்றிருந்த துரை கையைத் தூக்கினான். அவனும் டிரெய்லர் டிரைவர். இதே கேட்டில் அவன் வண்டியை எத்தனையோ தடவை வரதன்தான் தள்ளிவிட்டிருக்கிறான். வரதன் கண்ணாடியைப் பார்த்தபடி ரிவர்ஸ் போட்டான். வால் இடது பக்கம் போக வேண்டும். கைகள் இடது பக்கம் ஒடித்தன.

வால் வலது பக்கம், நடுச்சாலைக்குப் போனது. அவன் சுதாரிப்பதற்குள் கைகள் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தன. தலையும் உடம்பும் மடங்கின. பெட்டியின் மூலை கேபினுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. முன்னால் போய் நிமிர்த்தலாம் என்றால், அதற்குள் லைன்காரர்கள் காலியான இடத்தில் வண்டியை நுழைத்துவிட்டார்கள். சாலை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. திருவொற்றியூர்ப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் ஒவ்வொரு வண்டியாகப் பரவி வந்தது. பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்த ஓர் ஆட்டோ பெட்டியை ஒட்டி வந்து நின்றது. பைகள் வெளியே தொங்க, பிள்ளைகள் தலையை நீட்டி அவனைப் பார்த்தார்கள்.

துரை ஓடி வந்து படியில் ஏறினான். "இன்னா மாமு, எந்தாண்ட ஒடிக்கணும்னு தெர்லயா உனுக்கே?"

"எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெர்ல."

சொன்ன பிறகுதான் வரதனுக்கே அது உறைத்தது. கை மாறிவிட்டது, நிஜமாகவே மாறிவிட்டது. இன்னாசி பார்க்க வேண்டும், ரமாபாய் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் இந்த இடத்தில் வந்து தொலைக்க வேண்டுமா என்று ஆத்திரமும் வந்தது. இன்னும் ஒரு சாண் மடங்கினால் பெட்டி கேபினில் இடிக்கும், இடித்தால் கடிதம் கிடையாது. வரதன் வண்டியைத் துரை எடுத்தான் என்றால், வரதனுக்கே ரிவர்ஸ் வரவில்லை என்று சாயங்காலத்துக்குள் சண்முகவேல் காதுக்குப் போய்விடும், அப்போதும் கிடையாது. வரதனே நிமிர்த்திவிடலாம்தான். நிதானமாக வலது பக்கம் ஒடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தால் போதும். அதற்குப் பழைய கையை எழுப்ப வேண்டும். எழுப்பினால் அது மறுபடி தூங்குமா? நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்காரும்போது எந்தக் கை வரும்?

"எறங்கு மாமு, நான் எட்த்து குடுக்குறேன்" என்றான் துரை. யார்டு காவலாளி விசில் ஊதினான். ஆட்டோவில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது.

வரதன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, எது முதலில் அசையப் போகிறது என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.