சாயாத வரிசை

எங்கள் வீட்டில் யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதில்லை. அது பெரியண்ணன் போட்ட சட்டம். "சாய்மானம் நோயாளிகளுக்கு" என்பார். அவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் சாப்பாட்டு மேசையிலும் சரி, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் சரி, நாங்கள் நிமிர்ந்தே உட்காருகிறோம். சினிமாக் கொட்டகையில் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

அண்ணன் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். துறைமுகத் தொழிலாளர்கள் வாயிலை மறித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, சுடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆட்கள் செத்தார்கள். விசாரணை நடந்தது. அவர் மேல் தவறில்லை என்று முடிந்தது. எங்களைப் பொறுத்தவரை விஷயமும் அத்தோடு முடிந்தது. இப்போது அதைப் படமாக எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றியிருந்தார்களே தவிர, அண்ணனுடைய தங்க விளிம்புக் கண்ணாடியை மாற்றவில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே ஊரை இரண்டாக்கியிருந்தான். ஒரு கொட்டகையில் அதிகாரி திரையில் வந்ததும் செருப்பு பறந்ததாம். இன்னொன்றில் அதே இடத்தில் கைதட்டல். எறிந்தவனையும் தட்டியவனையும் மஃப்டி போலீஸ் பார்த்து வைத்துக்கொண்டு போகிறது என்று ஒரு வதந்தி வேறு. எனக்குத் தூக்கம் போயிற்று. தடை கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் இறந்தவரின் மனைவி கையெழுத்துப் போட்டால்தான் நீதிமன்றம் காது கொடுக்கும் என்றார் வக்கீல். மனுவை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

"முதல்ல படத்தைப் பார்க்கிறேன் தம்பி. பார்க்காம எதுக்குன்னு கையெழுத்துப் போடுறது?"

"தெரிஞ்சவங்க மூலமா வீட்லயே பார்க்க ஏற்பாடு பண்றேன் அண்ணி."

"வேண்டாம். ஜனங்களோட உட்கார்ந்து பார்க்கணும். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கணும்."

அண்ணி அதிகம் பேசாதவர். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

பகல் காட்சிக்குப் போனோம். நான், என் தம்பி சின்னவன், என் மாப்பிள்ளை, எங்களுக்கு நடுவில் அண்ணி. தேய்த்த சட்டை, துடைத்த ஷூ. யாராவது செருப்பை ஓங்கினால் அண்ணிக்கு முன்னால் யார் எழுந்து நிற்பது என்பதைக்கூடக் காரில் பேசி வைத்திருந்தோம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது கொட்டகை சந்தைக்கடைபோல இரைந்துகொண்டிருந்தது. நடுவரிசையில் போய் உட்கார்ந்தோம். எரிகிற அடுப்பில் தண்ணீர் தெளித்ததுபோல இரைச்சல் அப்படியே அடங்கிற்று.

விளக்கு அணைந்தது. தங்க விளிம்புக் கண்ணாடி திரையில் வந்தது. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. விசில் இல்லை, வசவு இல்லை. சிரிப்பு நடிகர் வந்தார், யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"பார்த்தீங்களாண்ணா? என்ன இருந்தாலும் மரியாதை தெரிஞ்ச ஜனங்க" என்றான் சின்னவன் என் காதில்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அண்ணி திரையைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி மற்றவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கொட்டகை மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"சார், ஏசி போதுமா? வெட்டச் சொன்னதையெல்லாம் வெட்டியாச்சு சார். ஒரு இடத்துல மட்டும் சத்தத்தைக் குறைச்சிருக்கோம்."

"அதை எங்ககிட்ட ஏன் சொல்றீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "புரியுது சார், வெளியில சொல்ல முடியாது. அம்மா தணிக்கைக் குழுவா, இல்ல அதுக்கும் மேலயா?"

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார். மேலாளர் நகர்ந்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"மாமா, நம்மளை மஃப்டி போலீஸ்னு நினைச்சுட்டாங்க! இவ்வளவு நேரம் ஒருத்தர்கூடச் சாயாம, பாப்கார்ன்கூட வாங்காம உட்கார்ந்தா வேற என்ன நினைப்பாங்க? எனக்குப் பின்னாடி இருந்தவன் செருப்பைக் கழட்டிக் கையில வெச்சிருந்தான். நம்ம வரிசையைப் பார்த்ததும் பவ்யமா மறுபடி மாட்டிக்கிட்டான்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "நான் அப்பவே நினைச்சேன். ஒருத்தர்கூட மூச்சு விடலை. நீங்க மூணு பேரும் வெளியில இருங்க. நான் முன்னாடி போய்க் கூட்டத்தோட உட்கார்றேன்."

"தனியாவா? வேண்டாம் அண்ணி. எவனாவது எதையாவது எறிஞ்சா?"

"என் மேலயா எறியப் போறாங்க? திரை மேலதானே?"

"அண்ணன் இருந்தா இதுக்குச் சம்மதிப்பாரா?"

"அவர் இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார்.

நாங்கள் கதவை ஒட்டித் தொங்கிய தடித்த திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். மேலாளரும் கையைக் கட்டிக்கொண்டு எங்களோடு நின்றார். படம் தொடங்கியது. எங்கள் வரிசை காலியாக இருப்பதை யாரோ ஒருவன் கவனித்துவிட்டான் போலிருக்கிறது. "போயிட்டாங்கடா!" என்று ஒரு குரல். மறுகணம் கொட்டகைக்கு உயிர் வந்தது. விசில், கூச்சல், சிரிப்பு.

"ஐயா வர்றாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்கடா!"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருய்யா, எதிர்ல இருக்கிறதும் மனுஷங்கதான்!"

ஒரு செருப்பு பறந்துபோய்த் திரையில் அண்ணனின் தோள்பட்டையில் விழுந்தது. என் தோள் சிலிர்த்தது. மேலாளர் பதறினார். "சார், ஆளைப் பிடிக்கச் சொல்லட்டுமா?" வேண்டாம் என்று தலையசைத்தேன். முன்வரிசைகளின் இருட்டில் அண்ணியின் வெள்ளைத் தலையைத் தேடினேன். வெளிச்சம் மாறும்போதெல்லாம் அது தெரிந்து தெரிந்து மறைந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அதிகாரி அறையில் தனியாக இருக்கிறார். வெளியே கோஷம். மேலிடத்திலிருந்து தொலைபேசி விடாமல் அடிக்கிறது. பேனாவை எடுக்கிறார், வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். அழுகிறார். குலுங்கிக் குலுங்கி அழுதபடியே கையெழுத்துப் போடுகிறார்.

கொட்டகை அடங்கிப்போயிற்று. இந்த முறை அதற்குக் காரணம் நாங்கள் இல்லை.

"பாவம்டா மனுஷன்."

"மேலேருந்து நெருக்கினா அவர்தான் என்ன செய்வாரு?"

யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். ஒருவன் கைதட்ட, பாதிக் கொட்டகை தட்டியது. என் நெஞ்சு விம்மியது. வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். அண்ணனை ஊர் மன்னித்துவிட்டது. சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவர் அழலை."

உரத்த குரல் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த குரல். முன்வரிசையில் அண்ணி எழுந்து நின்றிருந்தார்.

"உட்காரும்மா, மறைக்குது!"

"அவர் அழலைன்னு சொல்றேன். அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு. மறுநாள் போட வேண்டிய சட்டையில காலர் மடிப்பு சரியில்லைன்னு என்கிட்ட திருப்பிக் கொடுத்தாரு. ராத்திரி நல்லாத் தூங்கினாரு. தூங்காதது நான்தான்."

"நீ யாரும்மா அதைச் சொல்ல?"

"அவர் மனைவி."

கைபேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அண்ணி பக்கம் திரும்பின. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பொய்!" என்றான் ஒருவன். "படத்தைக் கெடுக்க அனுப்பின ஆள்டா இது! எந்தக் கட்சிம்மா நீ? எவ்வளவு குடுத்தாங்க?" என்றான் இன்னொருவன். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. நாலைந்து பேர் எழுந்து அவரைச் சூழ்ந்தார்கள்.

சின்னவன் என் முழங்கையைப் பிடித்தான். "அண்ணா, அவங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லிடலாம். வயசாச்சு, ஏதோ உளர்றாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம். அண்ணன் பேரு நிக்கும். அண்ணா, கேட்குதா?"

கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அண்ணனுக்குக் கிடைத்த கண்ணீர் அவரிடமே இருக்கும். அதைச் சொல்லத்தான் நான் நடந்தேன். அந்தக் கணம்வரை எனக்கு வேறு எண்ணம் இல்லை.

என்னைக் கண்டதும் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. இன்னமும் என்னைப் போலீஸ் என்றே நினைத்தார்கள். தாடி வைத்த ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

"சார், இந்தம்மா யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் பார்த்தார். இத்தனை வருடங்களில் எங்களில் ஒருவராவது அண்ணியிடம், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டோமா? வாயில் வைத்திருந்த வாக்கியம் வறண்டுபோயிற்று.

"என் அண்ணி. அந்த அதிகாரி என் கூடப்பிறந்த அண்ணன்" என்றேன்.

"அப்போ அழலையா சார்?"

"எங்க வீட்ல பெரியவங்க சபையில ஒண்ணு சொன்னா மறுத்துப் பேசுற வழக்கம் இல்லை. அண்ணி சொன்னா அதுதான்."

தாடிக்காரன் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அது அண்ணனுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. இன்னொருவன், "சும்மா இருடா, அந்தம்மா பேசட்டும்" என்று அதட்டினான்.

"பேச வேண்டியதைப் பேசியாச்சுப்பா" என்றார் அண்ணி. "உட்காருங்க தம்பி. மீதியையும் பார்க்கலாம்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் பிணங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. என்ன பார்த்தேன் என்று இன்று சொல்லத் தெரியவில்லை. சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்து ஓய்ந்து மறுபடி அதிர்ந்தது. அதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. எடுக்கவில்லை. அண்ணி குனிந்து, "மனுவைக் கிழிச்சிடுங்க" என்றார். "சரி" என்றேன்.

விளக்குப் போட்டார்கள். யாரும் வெளியே போகவில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும் நின்று எங்களையே பார்த்தார்கள். வழிவிட நிற்கிறார்களா, வழிமறிக்க நிற்கிறார்களா என்று அந்த முகங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தூரத்தில் கதவருகே சின்னவனைக் காணோம். மாப்பிள்ளை மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"போகலாமா?" என்று கேட்டு அண்ணி எழுந்தார். வழக்கமாக நான்தான் முன்னால் நடப்பேன். அன்று அவர் முன்னால் நடந்தார்.