குடிலுக்கு வந்த காண்டாமிருகம்

ஆறு வருஷமாகக் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் முதல் பரிசு ராஜமேரிக்குத்தான். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே அவர்கள் தெருவில் பதினெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு குடில். ஆனால் பிள்ளைகள் முண்டியடிப்பது அவள் வாசலில்தான். பரிசாக வரும் பாத்திரத்தைவிட அந்தக் கூட்டம்தான் அவளுக்குப் பெரிசு.

எண்பத்து நாலில் அந்தக் கூட்டம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருப்பவள் ஓரகத்தி ஞானமேரி. தன் குடிலில் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவே, குழந்தை ஏசுவுக்குக் குடை பிடிக்கிற மாதிரி ஒரு காண்டாமிருகப் பொம்மையை நிறுத்தியிருந்தாளாம்.

அது ஒரு பழைய படப்புத்தகத்துக் காண்டாமிருகம். மழையில் மாட்டியவர்களுக்கெல்லாம் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டே போகும். அதைப் படிக்காத பிள்ளை கிடையாது. அந்த வருஷம் அது புத்தகத்தைவிட்டு இறங்கி ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. டவுன் பஸ்ஸின் முதுகில் இருந்தது, பொம்மிடி ஸ்டேஷன் எதிரே சோடாக்கடை போர்டில் இருந்தது, சந்தையில் விற்கும் கவுன் பாக்கெட்டில் இருந்தது. எலெக்‌ஷன் சுவரில்கூட யாரோ ஒரு வேட்பாளருக்குக் குடை பிடித்தது.

ராஜமேரிக்கு வயிறு பற்றி எரிந்தது. குடில் புல்லுக்கு ராகி முளைக்கப் போட்டு, களிமண் பிசைந்து, ஒட்டகத்துக்குக் கண் வைத்துப் பதினைந்து நாளாக அவள் செத்துச் சுண்ணாம்பாகியிருக்க, அவள் ஓரகத்தி ஒற்றைக் கொம்பை வைத்துத் தெருவையே வளைத்துப் போட்டுவிட்டாள். அந்தக் கண்றாவியை எட்டிப் பார்க்கவும் ராஜமேரி போகவில்லை. இந்த எரிச்சலுக்கு அவள் வைத்த பெயர் பக்தி.

கிறிஸ்துமஸ் காலையில் பங்குச் சாமியார் குடில் பார்க்க வந்தார். காபியை நீட்டியபடியே கேட்டாள்.

"ஏனுங்க சாமி, பெத்லகேம்ல காண்டாமிருகம் இருந்துச்சுங்களா?"

"எதுக்கும்மா கேக்கற?"

"சும்மாதானுங்க. வேதத்துல இல்லாதத வெச்சா அது குடிலுங்களா, சர்க்கஸுங்களா?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டில் போய் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். ஞானமேரி முகம் செத்துப்போய், அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்து தெருவோரத் துவைகல்லில் வைத்தாள். ஜன்னல் வழியே அவள் முகத்தைப் பார்த்த ராஜமேரிக்கு மனசு குளிர்ந்தது. பத்து மணிக்கெல்லாம் ஏழாவது முதல் பரிசும் கைக்கு வந்துவிட்டது.

வாசலுக்கு வந்தாள். ஒரு பிள்ளை இல்லை. தெரு மொத்தமும் துவைகல்லைச் சுற்றி நின்றது. குடிலுக்குள் இருந்தவரை ஞானமேரி வீட்டுப் படியேறித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"ஏ புள்ளைங்களா, எங்கூட்டுக்கு வாங்க, முறுக்கு தரேன்!"

யாரும் திரும்பவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று விடுவிடுவென்று போய்க் கூட்டத்துக்குள் தலையை நுழைத்தாள். ஞானமேரியின் சின்ன மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிம்மா, வரிசையில வாங்க."

வரிசையின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு, ராஜமேரியின் புருஷன் சவுரியப்பன் நின்றுகொண்டிருந்தான். ராஜமேரி அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.