லியாண்டரின் தலையணை உறை

லியாண்டர் ஹைன்ஸின் தலையிலிருந்து தலையணை உறை கழலாமல் இருந்தது மொத்தம் பதினோரு நாள். கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் ஹேடாக் குடாவில் கிறிஸ்துமஸ் மறுநாள் முதல் ஜனவரி ஆறு பொழுது சாயும்வரை ஆட்கள் தலையணை உறையால் முகத்தை மூடிக்கொண்டு அடுத்தவர் அடுக்களைக்குள் நுழைவார்கள். வீட்டுக்காரர் கிள்ளிப் பார்த்து இன்னார் என்று சொன்னால்தான் முகம் திறக்கும், ரம்மும் கேக்கும் வரும். மேற்கே வெகுதூரத்து ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் வேலை பார்த்த லியாண்டர், நாலு கிறிஸ்துமஸுக்குத் தனக்குப் பதில் தன் முகத்தைக் கைப்பேசியில் அனுப்பிவைத்தவன். ஐந்தாம் வருடம் புத்திசாலித்தனமாகத் தலையணை உறையை மாட்டிக்கொண்டு வீடியோவில் வந்தான். பக்கத்து வீட்டு மினர்வா கைப்பேசியைத் துடைப்பத்தின் உச்சியில் கட்டி, அதற்கொரு கோட்டும் மாட்டி, அவன் அம்மா டிரைஃபினாவின் முன் நிறுத்தினாள்.

டிரைஃபினா மீன் ஆலையில் முப்பது வருடம் கத்தி பிடித்தவள். "ஏன்டி மினர்வா, கிள்ளுனா இதுக்கு வலிக்குமா? தொட்டுப் பாக்காத மீனுக்கு நான் விலை சொல்றதில்ல."

"அம்மா, நான்தாம்மா லியாண்டர்!"

"தன் பேரத் தானே சொல்ற ஆட்டம் எந்த ஊர்லடா இருக்கு? செல்லாது."

அன்றிலிருந்து உறை கழலவில்லை. கத்தரித்த இடம் விடிவதற்குள் தானே தைத்துக்கொண்டது. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி, "அதுக்கு மேலயே ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு வாடா" என்றார். லியாண்டர் ஊருக்குக் கிளம்பினான். விமான நிலையக் காவலர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். இரண்டு கிள்ளு கிள்ளிவிட்டு வழிவிட்டார்.

அவன் அம்மாவின் அடுக்களைக்குள் நுழைந்தபோது ஆறாம் தேதி சூரியன் தண்ணீரைத் தொட இரண்டு விரற்கடை இருந்தது. அது தாண்டினால் அடுத்த கிறிஸ்துமஸ்வரை உறைக்குள்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க ஊர்ப் போக்கிரிகள் தலையணை உறையோடு வந்து, "அம்மா, நான் லியாண்டர்" என்று அவளிடம் ரம் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். விலாவைக் குத்திப் பார்த்தாள், இளைத்திருந்தது. கையைத் தடவினாள், காய்த்திருந்தது. "இது யாரோ வெளியூர்க் கை" என்று அடுப்பில் வெந்த ரொட்டியை எடுக்கத் திரும்பிவிட்டாள். எடுத்த பிறகு அடுப்புக் கதவு வழக்கம்போல் மூட மறுத்தது. லியாண்டர் யோசிக்கவில்லை, முழங்காலால் ஒரு இடி இடித்து, சற்றே தூக்கி மூடினான்.

"அந்தக் கதவோட குணம் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்டி மினர்வா," என்றாள் டிரைஃபினா, ஊருக்கே கேட்கும்படி. "என் பிள்ளை லியாண்டர்!"

உறை தரையில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

அடுத்த டிசம்பரில் ஊர்த் தாய்மார்கள் ஆல்பர்ட்டாவிலிருந்த தங்கள் பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று தலையணை உறைகளைத் தபாலில் அனுப்பினார்கள். இருபத்துமூன்றும் தலைகளோடு திரும்பி வந்தன. கடையில் நாலு டாலர் உறை ஒன்பது டாலர் ஆனது. பேரத்துக்குப் பேர்போன எங்கள் ஊரில் ஒருத்தரும் பேரம் பேசவில்லை.