மாதிரி மணி

லோரெட்டா தீசனுக்கு மூன்று நாளாகத் தலை சுற்றியது. அவள் குழு பராமரிக்கும் ஒலி-ஒளி மென்பொருள் மூன்று வகைக் கணினிகளிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். சுருக்கிவைத்த ஒரு மணியோசைக் கோப்பை மறுபடி ஒலியாகப் பிரித்து, வருவதை, சரியான விடை என்று வைத்திருக்கும் மாதிரிக் கோப்போடு எண் எண்ணாக ஒப்பிடுவதுதான் சோதனை. இரண்டு வகையில் தேர்ச்சி, பச்சை. போன வாரம் புதிய நிரல் எழுதிச் சேர்த்த மூன்றாவதில் மட்டும் சிவப்பு.

"இந்தச் சனியனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று மேசையைக் குத்தினாள்.

வாசலில் பனியை வாரிவிட்டு வந்த கணவன் கர்ட்டிஸ் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அப்படி என்னதான் சத்தம் அது? போடேன், கேப்போம்" என்றான்.

மூன்றாவதில் போட்டாள். 'டங்' என்று மணி முழுசாக அடித்தது. பச்சை விழுந்த இரண்டிலும் போட்டுப் பார்த்தால் அந்த 'டங்' இல்லை, வெறும் ரீங்காரம்தான். மாதிரிக் கோப்பிலும் அதே ரீங்காரம். அதுவும் ஒன்பது வருஷத்துக்கு முன் பழைய நிரல் பெற்ற பிள்ளைதானே!

"ஒம்போது வருஷமா ஒருத்தர்கூட இதைக் கேட்டுப் பாக்கலியா?" என்றான் கர்ட்டிஸ்.

"எண்ணெல்லாம் ஒத்துப்போச்சு! அப்புறம் எதுக்குக் கேக்கணும்?" என்று எரிந்து விழுந்தாள் லோரெட்டா.

விழுந்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.