துஞ்சாள்

மேசைக்கு அடியில் உருண்டோடிய பகடையைக் குனிந்து எடுத்தபோது அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. உடம்பெல்லாம் முகமும் முகத்துக்கு முகம் ஓர் எண்ணுமாக இருந்தது அது. இதை உருட்டிவிட்டா வளர்ந்த பிள்ளைகள் இப்படிக் கூச்சல் போடுகிறார்கள்! ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக் கூடத்தில் நடக்கிற விளையாட்டு இது. வீடு திரும்பும்போது சிந்திய தேநீர்க் கறையை மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். இன்று கடையில் தேய்க்கும் இயந்திரம் மக்கர் பண்ணிவிட்டது. முதலாளி மதியமே கடையைச் சாத்திவிட்டார். வீட்டுக்கு வந்தவளைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "ஓராள் குறையுதுக்கா. நீ விளக்கு தூக்கறவளா வா. ஒண்ணும் பண்ண வேண்டாம், எங்ககூட நடந்தா போதும்" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தம்பிதான் கதை நடத்துகிறவன். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு காட்டையும் கோட்டையையும் பேயையும் வாயாலேயே அவன் படைக்க வேண்டும்; மற்றவர்கள் அதற்குள் நடக்க வேண்டும். எதிரே இரண்டு பேர். ஒருவன் பேருந்து ஓட்டுநர். நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் ஒட்டகம் என்றே பெயராகிவிட்டது. இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆட்டத்தில் அவள் கையில் வாள். நிஜத்தில் அந்த வேலையை வாய் செய்தது.

"இன்னிக்குச் சாமியைப் பாக்கப் போறோம்க்கா" என்றான் ஒட்டகம். "பேய்னா வெட்டலாம். இது வானத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்லாதப்பவே இருந்த சாமி. நம்மள வெறுக்கணும்னா முதல்ல மனுஷன்னு மதிக்கணும்ல? அதுகூடக் கெடையாது."

"அதைவிடக் கொடுமை, ரொம்பப் பாசமா பேசும்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "போன வாரம் வீட்டுக்குப் போயி லைட்டு போட்டுட்டுத்தான் படுத்தேன். இந்த ஆளுக்கு எங்கேருந்துதான் இதெல்லாம் தோணுமோ!"

"பேரு துஞ்சாள்" என்றான் தம்பி, அக்காவைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு. "துஞ்சறதுன்னா பழைய தமிழ்ல தூங்கறது. சாகறதும் அதேதான். இவளுக்கு ரெண்டும் கெடையாது."

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பகலெல்லாம் தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவனுக்கு. யார் யாரோ வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார்கள். 'பொறுமைக்கு நன்றி' என்று அதே வழவழப்பான குரலில் சொல்லிக்கொண்டிருப்பான். அம்மா போனபின், பத்தொன்பது வயதில் அவள் தலைமேல் விழுந்த பொறுப்பு. கல்யாணம், காட்சி எல்லாவற்றையும் தள்ளிவைத்து வளர்த்த பிள்ளை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தாள். அவனுக்குள் இவ்வளவு கற்பனையா?

ஆட்டம் தொடங்கியது. மலைக்கு அடியில் ஒரு பாதை. சுவரெல்லாம் ஈரம். அக்காவின் கையில் இல்லாத விளக்கு. பகடை உருள உருளப் பாதை குறுகிற்று, தம்பியின் குரல் தணிந்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சத்தமும் காதில் விழாமல் போயிற்று. பாதை முடிந்த இடத்தில் சிறிய அறை. உள்ளே ஒரு படுக்கை. அவர்கள் நுழைந்ததும் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

"வந்துட்டா" என்றான் தம்பி. முன்னால் இருந்த தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு துஞ்சாளின் குரலில் பேசினான். தாலாட்டுகிற குரல் அது. "ஒண்ணும் இல்ல. கண்ண மூடிக்கோ. நான் பாத்துக்கறேன்."

மருந்துக்கடைக்காரி அக்காவின் காதோரம் குனிந்தாள். "கண்ண மூடிட்டேன்னு சொல்லிடுங்கக்கா. இதுதான் விதி. அவ தூங்கச் சொல்லியும் எவன் முழிச்சிருக்கானோ அவன ஒண்ணும் பண்ண மாட்டா. அவனுக்கு உசிரானவங்க செத்துப் போவாங்க."

அக்கா கண்களை மூடினாள். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"இப்ப கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்" என்றான் தம்பி. "உங்களுக்கு உசிரானவங்க. பலமே இல்லாம, மூச்சு வாங்கி வாங்கி உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. நீங்க வாயத் திறக்கறீங்க. அதுக்குள்ள துஞ்சாள் உங்களுக்காகப் பதில் சொல்றா." இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டான். "'அவன் தூங்கறான்மா. எழுப்ப வேண்டாம்.'"

ஒட்டகம் நாக்கைச் சப்புக்கொட்டினான். அக்கா கண்ணைத் திறந்தாள்.

அம்மா போன அந்தச் சாயங்காலம், அவளே சொன்ன அந்தச் சொற்கள், ஓர் எழுத்து பிசகவில்லை. அம்மாவின் முகம் வீங்கி அடையாளமே தெரியாமல் போயிருந்தது. மூச்சு மரம் அறுப்பது போல இழுத்தது. பிள்ளை அதைப் பார்க்கக்கூடாது என்று அக்காதான் தம்பியை அடுத்த அறையில் படுக்கவைத்தாள். படுக்க மறுத்து அழுதவனிடம், நீ சமத்தாகத் தூங்கினால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியாகும் என்று சொல்லிக் கதவைத் தாழிட்டாள். அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரே நிம்மதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷங்களையும் கடந்திருக்கிறாள். அம்மா அவன் பேரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும், தான் சொன்ன பதிலும் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா அதன்பிறகு கூப்பிடவில்லை.

"நீ முழிச்சிட்டா இருந்தே?" என்றாள்.

"அடேங்கப்பா, அக்கா பின்றாங்க!" என்று ஒட்டகம் கைதட்டினான். "துஞ்சாளையே கேள்வி கேக்கறாங்க பாரு!"

தம்பி சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான், முன்னால் இருந்த தாளைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தம் வற்றிக்கொண்டே போவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அடுத்த இடி விழுந்தது. அவளைக் குத்திக்காட்ட அவன் எதையும் செய்யவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே இந்த நிமிஷம் வரை தெரியாது.

"நானா கட்டுன கதைன்னு நெனச்சேன்" என்றான். குரல் உடைந்து, சின்னப் பையன் குரலாக வந்தது. "கதவுகிட்டதான் நின்னேன். கைய வச்சு வாயப் பொத்திக்கிட்டேன். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அம்மாவுக்குச் சரியாகாதுன்னு..."

மருந்துக்கடைக்காரிக்குத்தான் முதலில் விளங்கிற்று. ஒட்டகத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பைகளை எடுத்துக்கொண்டார்கள். கதவுச் சத்தம் கேட்கக்கூடாதென்று மெல்லச் சாத்திக்கொண்டு போனார்கள்.

எழுந்து போய் அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றிற்று. எதைச் சொல்லி அணைப்பது? ஒண்ணும் இல்லடா என்றா? நான் பார்த்துக்கறேன் என்றா? நாக்கு நுனிக்கு வந்த ஒவ்வொரு ஆறுதலும் அவன் படைத்த சாமியின் சொல்லாகவே இருந்தது.

"நீ முழிச்சிருந்ததால இல்லடா" என்றாள் கடைசியில். "டாக்டர் காலையிலயே கைய விரிச்சிட்டாரு. நீ தூங்கியிருந்தாலும் அதேதான். அப்பவே கதவத் திறந்து உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும். திறக்கல."

அவன் அட்டைத் தடுப்பை மடக்கிக் கீழே வைத்தான். இருவருக்கும் நடுவில் வெறும் மேசை இருந்தது.

"எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"என்னடா?"

"அம்மா. பேரு மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் என்னமோ சொன்னாங்க, நீ குறுக்க பேசிட்ட. என்ன சொன்னாங்க?"

அவளுக்கு நினைவிருந்தது. சொல்லத் தகுந்த பெரிய வார்த்தையாக அது இல்லாததால் யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்குக் கீழ்ப்பல்லு ஆடிட்டிருந்துச்சு அப்ப. அது விழுந்திடுச்சான்னு கேட்டாங்க. வந்து காட்டச் சொல்லுன்னாங்க."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆள்காட்டி விரலை மெல்ல வாய்க்குள் விட்டு, கீழ்வரிசையில் முன்பல் ஒன்றைத் தொட்டு, அசைகிறதா என்று அழுத்திப் பார்த்தான்.