கூரையிலிருந்து பேசிய டோரீன்

பிரசவப் பகுதியை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து டோரீன் ஹாக்ஸ்டாட்டின் குரல் எங்கள் மாவட்டத்துக்குள் ஒருவர் காதிலும் விழவில்லை. அந்த வாரம் கோதுமை விலை சற்று ஏறியிருந்தது. லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் தண்ணீர் கசிந்தது. மற்றபடி எங்கள் ஹால்வர் ஊரில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. டோரீனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள்தான் நிர்வாகி. அந்தக் கட்டிடத்தில்தான் பிறந்தாள், அந்தக் கட்டிடத்தில்தான் கணவனையும் பறிகொடுத்தாள்.

குரல் போன விஷயம் இரண்டு வாரம் அவளுக்கே தெரியாது; தன் தலைக்குள் ஒலித்ததையே குரல் என்று நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாததற்குக் காரணம் எங்கள் மரியாதை. வடக்கு டகோட்டாவின் இந்தப் பக்கத்து ஆட்கள், உங்கள் வீடு பற்றி எரிந்தால்கூட, பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டுத்தான் தகவல் சொல்வார்கள். டோரீனின் வாய் அசைவதையும் சத்தம் வராததையும் எல்லாரும் பார்த்தார்கள். அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி "ஆமாமா" என்றார்கள். வருஷத்துக்குப் பிறக்கும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், பிரசவம் பார்க்க நர்சுகள் வரமாட்டேன் என்கிறார்கள், அந்த ஒரு கதவைத் திறந்து வைத்தால் மொத்தக் கட்டிடத்தையும் பூட்ட வேண்டிவரும் என்று அவள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து விலாவாரியாக விளக்கினாள். கேட்டவர்கள் "ஆமாமா, ஆமாமா" என்று கேரமல் ரோல் என்ற இனிப்பு ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார்கள். ஊர் மன்னித்துவிட்டது என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து அழுதாள், பாவம்.

விஷயத்தை உடைத்தவன் லைல். ஆஸ்பத்திரியின் கொதிகலனிலிருந்து கூரை ஓட்டை வரைக்கும் பார்த்துக்கொள்பவன். சலவை அறையில் புகை வருகிறது, ஓடு என்று டோரீன் கத்தியதற்கு அவன் சிரித்த முகமாக, "ஆமாமா, காத்து இன்னைக்குக் கொஞ்சம் தேவல" என்றான். துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று கருகிப்போன பிறகு, தொப்பியைக் கழற்றிப் பிசைந்துகொண்டு நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க டோரீன். ரெண்டு வாரமா உங்க வாய்தான் அசையுது. சத்தம் வரல. சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு யாரும் வாயத் திறக்கல."

"அப்ப நான் சொன்னது எதுவுமே யாருக்கும் கேக்கலையா?" என்றாள் டோரீன்.

"ஆமாமா" என்றான் லைல், எதற்கும் இருக்கட்டுமே என்று.

அவள் காரை எடுத்துக்கொண்டு நகரத்துத் தொண்டை வைத்தியரிடம் போனாள். அங்கே எல்லாருக்கும் அவள் குரல் கணீரென்று கேட்டது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நல்ல ஆரோக்கியமான தொண்டை என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள். இம்முறை காதைக் கொடுத்துக் கேட்டாள்: மாவட்ட எல்லையில் ஆற்றுப் பாலம் வந்ததும் பாட்டில் அவள் பங்கு நின்றுபோனது. காரைப் பின்னால் எடுத்தாள், குரல் வந்தது. முன்னால் விட்டாள், போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போய் ஒரு காபி வாங்கிக் குடித்தபடி, கல்லாவில் இருக்கும் ட்வைட் என்ற பையனிடம் வானிலை பேசுவாள், பனியைப் பற்றி, டயரைப் பற்றி. அவன் பதில் சொல்வான். அந்த அரைமணி நேரத்தை நம்பித்தான் அவள் வாரம் முழுவதையும் ஓட்டினாள்.

மாவட்டத்துக்குள் அவள் குரல் வந்தது ஒரே ஒரு வழியாகத்தான்: ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்த அறிவிப்பு மைக். அதில் பேசினால் எல்லா அறைகளின் கூரையிலும் பதித்திருந்த ஒலிபெருக்கிகளில் தெளிவாகக் கேட்டது. ஏன் அதில் மட்டும் என்று யாரும் ஆராயவில்லை. வேலை நடக்கிறதல்லவா, போதும். அப்படியே மூன்று வருஷம் ஆஸ்பத்திரியை நடத்தினாள். நிர்வாகக் குழு நடைபாதையில் நாற்காலி போட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்காரும். அவள் மேசையிலிருந்து பேசுவாள். புது எக்ஸ்ரே இயந்திரம் வந்தது, ஹெலிகாப்டர் இறங்க இடம் வந்தது, பக்கத்து இரண்டு ஊர்களின் ஆஸ்பத்திரிகள் மூடிக்கொண்டபோதும் இது நின்றது. இறந்தவர் வீட்டாருக்கு ஆறுதல்கூடக் கூரையிலிருந்துதான் வந்தது. இறங்கி வந்து பக்கத்தில் நின்றால் "ஆமாமா" என்று தோளைத் தட்டி அனுப்பினார்கள். இப்படித் தனியாகிப் போனாள் மனுஷி.

அந்த மைக் பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருந்தது. குழந்தை பிறந்ததும் அப்பாக்காரன் ஓடிவந்து அழுத்துவான்; கட்டிடம் முழுக்க ஒரு தாலாட்டு ஒலிக்கும். சாகக் கிடப்பவர்களும் கண்ணைத் திறந்து, பையனா பொண்ணா என்று கேட்பார்கள். இப்போது அதன்மேல் மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒட்டியது ஆர்லிஸ்.

ஆர்லிஸ் முப்பது வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ். டோரீனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வாடி போடி சிநேகிதி. பகுதியை மூடும் செய்தி அவளுக்குக் காலை ரேடியோவில், பன்றி விலைக்கும் வானிலைக்கும் நடுவில்தான் தெரியவந்தது. டோரீன் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லப் பயம். மறுநாளிலிருந்து ஆர்லிஸ் முதியோர் பகுதியில் வேலை பார்த்தாள், மதியச் சாப்பாட்டைத் தன் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள், டோரீனை "நீங்க" என்றாள். ஊர் எப்படிப் பேசினாலும் டோரீன் தாங்கியிருப்பாள், அந்த "நீங்க" அவளைக் கொன்றது. ஆர்லிஸிடம் ஒரே ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் காதில் அது விழ வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு மிச்சமில்லை. எழுதிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரியே வந்தது, கிழித்துப் போட்டாள். பாலம் தாண்டிப் போய் ஒரு காபி குடிக்கலாம் வா என்று சீட்டில் எழுதிக் காட்டினாள். "வேலை இருக்கு மேடம்" என்றாள் ஆர்லிஸ். மைக்கில் சொல்லலாம் என்றால், கொதிகலன் அறை வரைக்கும் கேட்குமே. நிர்வாகி ஊர் அறியத் தன் தப்பைச் சொல்வதா? அந்த வீறாப்பிலேயே மூன்று வருஷம் போனது.

நான்காவது ஜனவரியில் பனிப்புயல் வந்தது. நெடுஞ்சாலையின் தடுப்புக் கதவுகளை இறக்கிவிட்டார்கள், ஹெலிகாப்டர் பறக்காது, டாக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மத்தியானம், சர்க்கரை பீட்ரூட் போட்டிருக்கும் டிம் குடும்பத்து மருமகள் ஷெல்பியை அவள் புருஷன் டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்தான். பிள்ளைக்கு நாளாகவில்லை, ஆனாலும் அது கிளம்பிவிட்டது. ஆர்லிஸ் முதியோர் பகுதியில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தாள். பூட்டிய அறையை லைல் திறந்தான். "மேடம், விளக்கப் பிடிங்க. குறுக்க நிக்காதீங்க" என்றாள் ஆர்லிஸ். டோரீன் விளக்கைப் பிடித்தாள்.

குழந்தை வந்தது, பெண். நீலம் பாய்ந்திருந்தது, அழவில்லை. ஆர்லிஸ் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், சின்ன முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தி அழுத்தி விட்டாள். நெஞ்சு துடித்தது, மூச்சு மட்டும் தானாக வரவில்லை. ஷெல்பி, "ஏன் சத்தமே இல்ல, ஏன் சத்தமே இல்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டோரீன் குனிந்து, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், குழந்தையிடம் பேசினாள்.

"வாடி என் ராஜாத்தி. உன்ன வேணாம்னு சொல்லிக் கதவ மூடலடி. பயந்துட்டேன். நீயாவது வாயத் திறந்து ஒரு சத்தம் போடுடி."

குழந்தை தலையை அவள் பக்கம் திருப்பியது. நெற்றியைச் சுருக்கியது, கவனித்துக் கேட்பவர்கள் சுருக்குவது போல. பிறகு வாயைத் திறந்து கட்டிடமே அதிர அழுதது.

ஆர்லிஸ் குழந்தையைப் பார்த்தாள், டோரீனின் அசையும் வாயைப் பார்த்தாள், மறுபடி குழந்தையைப் பார்த்தாள். குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுப் போர்த்திய பிறகுதான் பேசினாள்.

"இவளுக்குக் கேக்குது. என்னடி சொன்ன இவகிட்ட?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த "டி" டோரீன் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டு, நேரே வரவேற்பு மேசைக்குப் போனாள். பிளாஸ்திரியை உரித்துப் பொத்தானை அழுத்தினாள். தாலாட்டு ஓடி முடிந்தது. முதியோர் பகுதியிலிருந்து யாரோ, "பையனா பொண்ணா?" என்று கத்தினார்கள். டோரீன் மைக்கைப் பிடித்தாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் சுகம். ஆர்லிஸ், உன்கிட்டதான் பேசறேன். நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உன்ன வந்து பாத்திருக்கணும். உன் மூஞ்சியப் பாக்கப் பயந்து, ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கன்னு விட்டுட்டேன். ஊரே கேட்டாலும் கேட்டுட்டுப் போகட்டும். மன்னிச்சுக்கடி."

கொதிகலன் அறையில் லைல் தொப்பியைக் கழற்றினான். பிரசவ அறை வாசலில், கையைத் துடைத்தபடி நின்ற ஆர்லிஸ் கூரையை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆமாமா" என்றாள். "கேட்டுச்சு."

டோரீனின் குரல் அதற்குப் பிறகும் திரும்பவில்லை. பிரசவப் பகுதியும் திறக்கவில்லை. மற்றபடி ஆஸ்பத்திரி ஓடுகிறது. லைல் ஒரு பழைய ஒலிபெருக்கியைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக் கட்டிக்கொடுத்தான். மாலையில் டோரீன் மேசையிலிருந்து இரண்டு வார்த்தை பேசுவாள், கடையில் இருப்பவர்கள் ரோலை மென்றபடி கேட்பார்கள். ஆர்லிஸ் மதியச் சாப்பாட்டை வரவேற்பு மேசைக்குக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். டோரீன் மைக்கில் பதில் சொல்வதால், ஆர்லிஸின் மருமகன் சங்கதி எல்லாம் நோயாளிகளுக்கு அத்துப்படி. ஷெல்பியின் மகளுக்கு இப்போது பத்து மாதம். மளிகைக் கடையில் டோரீன் எதையாவது கேட்டால், கல்லாக்காரர் பார்ப்பதற்கு முன் அந்தக் குழந்தைதான் திரும்பிப் பார்க்கிறது, சிரிக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று எல்லாரும் குழந்தையைக் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. வரட்டும், அவசரமில்லை என்று ஊர் காத்திருக்கிறது.